அடிப்பது அன்றே! அழுவதற்கு 30 நாளா?

சின்னசேலம் வட்டாரத்தில் கரும்பு வெட்டும் பெண்ணுக்கும், ஆலையில் மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கும் இந்தச் சங்கதி தெரியும். தவணை தவறினால் அன்று பொழுது சாய்வதற்குள் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நிற்கும். பணத்தை எடுத்து வைக்காமல் நகர மாட்டேன் என்று மிரட்டல்! அக்கம்பக்கத்தார் முன்னிலையில் வசவு! பெண்டு பிள்ளைகளுக்கு அவமானம்!

யார் இந்த ஆள்? கம்பெனியைக் கேட்டால், “எங்கள் சிப்பந்தி அல்ல, வசூல் பங்குதாரர்” என்கிறது. அந்தக் காலத்தில் அடியாள் என்றார்கள். இன்று பட்டம் சூட்டியிருக்கிறார்கள். வசூலான பணம் கம்பெனிக் கணக்கில் சேர்கிறது. வசவு மட்டும் பங்குதாரரின் சொந்தச் சரக்காம்!

இந்தச் சாக்கு ரிசர்வ் பாங்கிடமே செல்லாது. 2022 மார்ச் 14 அன்று மைக்ரோ பைனான்ஸ் கடன்களுக்கு அது வகுத்த விதிகள் என்ன கூறின? காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் ஓயாமல் அழைத்துத் தொல்லை தரக்கூடாது, ஏசக்கூடாது, உறவினரையும் உடன் வேலை செய்வோரையும் துன்புறுத்தக் கூடாது, கடன்பட்டவர் பெயரை வெளியிட்டு மானபங்கம் செய்யக்கூடாது. வெளி ஆள் செய்தாலும் பொறுப்பு கம்பெனியுடையதே.

விதி நன்று. மீறினால் எங்கே முறையிடுவது? இங்கேதான் சூட்சுமம்!

2021 நவம்பரில் வந்த ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளர் திட்டத்தைப் பாருங்கள். முதலில் கம்பெனியிடமே மனுக் கொடுக்க வேண்டும். பதில் இல்லையென்றால் 30 நாள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் ஓராண்டுக்குள் போகாவிட்டால் கதவு அடைபடும். வக்கீல் மூலம் போனால் மனு செல்லாது. டெப்பாசிட் வாங்காத, 100 கோடி ரூபாய்க்குக் குறைந்த சொத்துள்ள நிதிக் கம்பெனிகள் அத்திட்டத்தின் வரம்புக்கே வரவில்லை. தண்டல்காரனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்!

தவணைக்கு ஒரு நாள் தவணை இல்லை. அவமானப்பட்டவருக்கு முப்பது நாள் தவணை! இது என்ன நியாயம்?

இன்னொரு வேடிக்கை. கடனாளியின் புகார் முடியும் வரை வசூல் ஏஜெண்டிடம் கேஸை ஒப்படைக்கக் கூடாது என்று 2008 ஏப்ரல் 24 அன்று பாங்குகளுக்கு உத்தரவு போட்டார்கள். அதிலும் ஒரு ஓட்டை! கடனாளி வீண் புகார்களையே தொடர்ந்து கொடுக்கிறார் என்று, தக்க ஆதாரத்தோடு, பாங்குக்கு நம்பிக்கை ஏற்பட்டால் ஏஜெண்டை அனுப்பலாமாம். வீண் புகாரா, நியாயப் புகாரா என்று தீர்மானிப்பது யார்? குற்றம் சாட்டப்பட்ட பாங்கே!

புகாருக்குச் செவி இல்லாவிட்டால் விளைவு என்ன? 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் முன் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தீயில் மாண்டது. கந்துவட்டிக் கொடுமை பற்றி மனு மேல் மனு கொடுத்துப் பார்த்த குடும்பம் அது. கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் 2003-லிருந்தே இருந்தது. சட்டம் இருந்தது, கேட்கும் காதுதான் இல்லை! வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025-லும் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதுவும் காகிதத்தில் தூங்க வேண்டுமா?

“புகாரைத் திறந்துவிட்டால் யாரும் கடனைக் கட்ட மாட்டார்கள்” என்று கம்பெனிகள் ஓலமிடுகின்றன. வாங்கிய கடனைக் கட்டமாட்டோம் என்று யார் சொன்னது? வயிற்றைக் கட்டித் தவணை கட்டுகிறவள் உழைப்பாளிப் பெண். கடன் வாங்கினாள், மானத்தை அடகு வைக்கவில்லை!

நமது கோரிக்கைகள் தெளிவானவை. மிரட்டல் பற்றிய புகாருக்கு முப்பது நாள் காத்திருப்பு கூடாது. சிறிய கம்பெனியானாலும் குறைதீர்ப்பாளருக்குக் கட்டுப்பட வேண்டும். புகார் விசாரணை முடியும் வரை வசூல் ஆள் வாசல் மிதிக்கக் கூடாது.

அதுவரை சும்மா இருப்பதா? இல்லை! வந்தவனிடம் அடையாளச் சீட்டும் அதிகாரக் கடிதமும் கேளுங்கள். நாள், நேரம், பேச்சு, சாட்சி அனைத்தையும் குறித்து வையுங்கள். கம்பெனிக்கு எழுத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வக்கீல் கூடாது என்ற 2021 திட்டம், எழுத்து மூலம் அதிகாரம் பெற்ற வேறு பிரதிநிதியைத் தடுக்கவில்லை. அந்த வழியில் சங்கத் தோழர் உங்களுக்காக மனு எழுதட்டும்.

ஒருத்தி தனியே கொடுத்தால் அது வீண் புகார் என்பார்கள். ஊரே திரண்டு கொடுத்தால் என்ன சொல்வார்கள்? பார்த்துவிடுவோம்!