மாதாகிட்ட மார்க் கேக்காதீங்க

எங்க ஏற்காட்டுல காபி பறிப்பு ஓய்ஞ்சு, களத்துல மிளகு காயற நேரத்துலதான் பிள்ளைங்களுக்குப் பொதுத்தேர்வு வரும். போன மார்ச்சுல என் மகள் பிளஸ் டூ எழுதினா. இயற்பியலுக்கு முந்தின ராத்திரி புஸ்தகத்தை மூடி வச்சுட்டு அழுதுக்கிட்டு இருந்தா. ஆறுதல் சொல்றதா நினைச்சு, "நல்ல மார்க் வந்தா வேளாங்கண்ணியில மொட்டை போடறேன்னு நேர்ந்துக்கிட்டேன், பயப்படாதே"ன்னு சொன்னேன்.

அவ நிமிர்ந்து கேட்டா: "அப்போ மார்க் குறைஞ்சா மாதா என்னைக் கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தமாப்பா?"

எனக்குப் பதில் வரலை. அவளே செபமாலையை எடுத்துக்கிட்டுக் கட்டில்ல உக்காந்தா. மொத்தம் 53 'அருள் நிறைந்த மரியே'. முடிக்கறதுக்குள்ள தூங்கிட்டா. விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து விட்ட இடத்துல இருந்து படிச்சா.

இதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2001ல இத்தாலியில 23 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க. லத்தீன்ல செபமாலை சொன்னப்போ அவங்க மூச்சு நிமிஷத்துக்கு ஆறு தடவையா நிதானமாச்சு, இதயத்துடிப்பும் சீரா போச்சு. யோக மந்திரம் சொன்னப்பவும் அதேதான். ஆக, நீங்க எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இது பொருந்தும்.

பரீட்சை எழுதறவங்களுக்குன்னே எங்க சபையில ஒரு புனிதர் உண்டு. 1603ல இத்தாலியில பிறந்த குப்பர்த்தினோ யோசேப்பு. படிப்பு ஏறாத மனுஷன். நற்செய்தியில அவருக்கு நல்லா விளக்கத் தெரிஞ்ச ஒரு பகுதியையே ஆயர் கேட்டாராம், பாஸ் ஆயிட்டாராம். இதைச் சொல்லித்தான் பலர் "தெரிஞ்ச கேள்வியே வரணும்"னு வேண்டிக்கறாங்க. நான் வேற மாதிரி பாக்கறேன். அந்த ஒரு பகுதியையாவது அவர் உக்காந்து படிச்சிருந்தாரே!

மார்ச், ஏப்ரல்ல ஒரு மழை விழுந்தாத்தான் காபி பூக்கும். கவாத்து பண்றதும் உரம் வைக்கறதும் என் வேலை. மழை என் கையில இல்லை. அதுக்காக நானும் வேண்டிக்கறேன். ஆனா மழை தவறின வருஷம் கடவுள் என்னைத் தள்ளி வச்சுட்டார்னு நினைச்சதில்லையே. பிள்ளைக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கைப் போட்டேன்?

நகரத்துல இருக்கற உங்களுக்கும் இதைத்தான் சொல்றேன். பிள்ளைங்க சாமி கும்பிட்டா கும்பிடட்டும். அதுல மார்க்கைக் கொண்டுபோய்க் கட்டாதீங்க. தூங்காம, சாப்பிடாம கிடந்தா செபம் போதும்னும் விட்டுடாதீங்க. 104க்கு போன் போட்டா பேச ஆள் இருக்காங்க.

நான் அந்த நேர்ச்சையை மாத்திட்டேன். ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே குடும்பத்தோட வேளாங்கண்ணி போயி, மொட்டை போட்டுட்டு வந்தேன். எதையும் கேக்கலை. நன்றி மட்டும் சொன்னேன்.