"மீட்டர் எதுக்குண்ணே?" என்று கேட்காதீர்கள்

அலங்காநல்லூரிலிருந்து தனிச்சியம் போகிற ரோட்டிலோ, பாலமேடு ரோட்டிலோ பழைய டிராக்டர் ஒன்று நின்றால் பக்கத்தில் போய் மீட்டர் போர்டைப் பாருங்கள். ஆம்பியர் மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். அதில் துணி அடைத்திருக்கும். மீட்டர் இருந்தாலும் கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கி, முள் துருப்பிடித்து ஒரே இடத்தில் நிற்கும். பின்பக்கம் கையை விட்டால் இரண்டு வயரை முறுக்கிக் கருப்பு டேப் சுற்றியிருப்பது தட்டுப்படும். டேப் சுற்றியவர் ஒரு எலக்ட்ரீஷியன். சரி என்று தலையாட்டியவர் வண்டிக்காரர். இரண்டு பேர் மேலும் எனக்கு வருத்தம் உண்டு.

எங்கள் வண்டி மாஸி பெர்குசன் 1035. எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா வாங்கியது. தொழி உழவும் கரும்பு லோடும் அடித்து அடித்துத் தேய்ந்த வண்டி, இன்றும் ஓடுகிறது. இதைச் செய்த டாஃபே கம்பெனி 1960-ல் சென்னையில் தொடங்கியது. அதன் தொழிற்சாலை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, வாடிப்பட்டி தாண்டிக் கல்லடிப்பட்டியில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு டிராக்டர்தான் சோறு போடுகிறது. இப்படிப்பட்ட ஊரில் ஓர் ஆம்பியர் மீட்டரை முறையாக மாட்டித் தருவதற்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

முள் நின்றுபோனதும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். மீட்டரை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். "அண்ணே, டீசல் வண்டிக்குக் கரண்டே தேவையில்ல. செல்ஃப் அடிச்சு ஸ்டார்ட் ஆயிருச்சுன்னா அது பாட்டுக்கு ஓடும். மீட்டர் எதுக்குண்ணே? ரெண்டு வயரையும் ஜாயின்ட் அடிச்சு விட்டுர்றேன்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. பெட்ரோல் வண்டிக்குப் போல இதற்குப் பிளக்கில் பொறி வேண்டியதில்லை. பம்பு டீசலை அழுத்தி விட்டால் இன்ஜின் ஓடும், நிறுத்தக் குமிழை இழுத்தால் நிற்கும். இந்தப் பாதி உண்மைதான் நம் ஊர் டிராக்டர் வயரிங்கையெல்லாம் கெடுத்து வைத்திருக்கிறது.

அந்த மீட்டரில் நடுவில் 0, இரண்டு பக்கமும் 30 என்று போட்டிருக்கும். முள் பிளஸ் பக்கம் சாய்ந்தால் பேட்டரிக்குள் கரண்ட் ஏறுகிறது, மைனஸ் பக்கம் சாய்ந்தால் பேட்டரியிலிருந்து இறங்குகிறது. இவ்வளவுதான். ஆனால் இந்த முள் எத்தனை விஷயம் சொல்கிறது! நல்ல வேகத்தில் உழுதுகொண்டிருக்கும்போது முள் திடீரென்று மைனஸ் பக்கம் விழுந்தால், முதலில் ஃபேன் பெல்ட்டைத்தான் பார்க்க வேண்டும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவைச் சுற்றுகிற அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் இன்ஜின் கொதிப்பதற்கு முன்பே முள் சொல்லிவிடும். அந்த நேரத்தில் வண்டியை நிறுத்தினால் செலவு ஒரு பெல்ட்டோடு போகும். நிறுத்தாவிட்டால் ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும்.

டைனமோ வண்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இன்ஜின் நின்றதும் டைனமோவைப் பேட்டரியிலிருந்து பிரித்துவிட வேண்டியது கட்-அவுட்டின் வேலை. அதன் பாயின்ட் கருகி ஒட்டிக்கொண்டால், வண்டி நின்ற பிறகும் பேட்டரி கரண்ட் டைனமோவுக்குள் திரும்பிப் பாயும். மீட்டர் இருந்தால், சாவியை அணைத்த பிறகும் முள் மைனஸ் கடைசியில் நிற்பதைப் பார்த்து அப்போதே பேட்டரி வயரைக் கழற்றிவிடலாம். பக்கத்துத் தோட்டத்து வண்டியில் மீட்டர் இல்லை. விடிந்து பார்த்தபோது பேட்டரியும் போயிருந்தது, ஆர்மேச்சரும் கருகியிருந்தது.

நம் ஊர்க்காரனுக்குக் காளையின் மூக்கைத் தொட்டுப் பார்க்கத் தெரியும். ஈரமாக இருந்தால் நல்லது, காய்ந்திருந்தால் காய்ச்சல். இந்த முள்ளும் வண்டிக்கு அந்த மூக்கு ஈரம் போலத்தான். 2025-ல் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் முதலிடம் பிடித்த காளைக்கு டிராக்டரே பரிசாகப் போனது. காளையையும் டிராக்டரையும் ஒன்றாக மதிக்கிற ஊர், டிராக்டருக்கு மட்டும் மூக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

சரி, புது மீட்டரே வாங்குவோம் என்று போனால் கடையிலும் அதே கதை. ஆம்பியர் மீட்டரும் வோல்ட் மீட்டரும் ஒரே அளவு வட்டம். டப்பாவில் படம் கிடையாது, தமிழில் ஒரு வரி கிடையாது. எது பேட்டரி பக்கம், எது லோடு பக்கம் என்று பின்னால் குறியும் கிடையாது. கேட்டால், "எல்லாம் ஒண்ணுதாண்ணே, மாட்டுங்க" என்பதுதான் பதில்.

எல்லாம் ஒன்றல்ல. வாங்கி வந்த ஆம்பியர் மீட்டரை ஒரு பட்டறையில் மாட்டக் கொடுத்தேன். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு வயரை இழுத்து ஒரு போல்ட்டில் மாட்டினார்கள். இன்னொரு போல்ட்டிலிருந்து பாடிக்கு எர்த் கொடுத்தார்கள். வோல்ட் மீட்டரை அப்படித்தான் மாட்ட வேண்டும். ஆம்பியர் மீட்டருக்கு உள்ளே தடையே கிடையாது என்று சொல்லலாம். அதை அப்படி மாட்டினால் பேட்டரியின் பிளஸ்ஸையும் மைனஸையும் நேராகச் சேர்த்ததாகிவிடும். வயரின் மேலுறை கண் முன்னால் குமிழ்விட்டுச் சொட்டியது. எர்த் வயரைப் பிடுங்கியதும்தான் புகை அடங்கியது. மீட்டர் போர்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது? டீசல் டேங்க். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் ஆறவில்லை. மாட்டிய தம்பி நல்ல உழைப்பாளி. அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒருவரும் இல்லை என்பதுதான் என் கோபம்.

கடைசியில் வயதான ஒரு வயரிங்காரர் கிடைத்தார். அவர் செய்த விதத்தை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். முதலில் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றினார். வேலை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக அதை மாட்டினார். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளை அவர் தொடவே இல்லை. செல்ஃப் அடிக்கும்போது சில நூறு ஆம்பியர் இழுக்கும்; அது 30 ஆம்பியர் மீட்டர் வழியாகப் போகக் கூடாது. அந்தக் கேபிள் வந்து சேரும் போல்ட்டிலிருந்து ஒரு வயர் மீட்டரின் ஒரு பக்கத்துக்கு. மீட்டரின் மறுபக்கத்திலிருந்து சாவிக்கும் லைட்டுக்கும் கட்-அவுட்டுக்கும். அதாவது சார்ஜ் ஆகும் கரண்ட், லைட்டுக்குப் போகும் கரண்ட் எல்லாம் இந்த மீட்டருக்குள் நுழைந்துதான் பேட்டரிக்குப் போகவோ அங்கிருந்து வரவோ வேண்டும். அதனால் வயர் தடிமனாக இருக்க வேண்டும். முனையில் லக் அடித்து, ஸ்பிரிங் வாஷர் போட்டு நட்டை இறுக்கினார். தகட்டு ஓட்டையில் வயர் உரசாமல் இருக்க ரப்பர் புஷ் போட்டார். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுவது இந்த ரப்பர் புஷ்ஷைத்தான்.

பிறகு இன்ஜினை ஓட்டாமல் ஹெட்லைட்டை மட்டும் போட்டார். 45 வாட் பல்பு இரண்டு, 12 வோல்ட். ஏழரை ஆம்பியர் கணக்கு. முள் மைனஸ் பக்கம் அவ்வளவு தூரம் போய் நின்றது. பிளஸ் பக்கம் போயிருந்தால் இரண்டு போல்ட்டிலும் வயரை மாற்றி மாட்டினால் போதும், மீட்டர் கெட்டுவிடாது. லைட்டை அணைத்து, ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை ஏற்றினார். முள் பிளஸ்ஸுக்கு ஏறி, பேட்டரி நிறைய நிறையச் சுழிக்குப் பக்கத்தில் இறங்கியது. இப்படி இறங்குவதைப் பார்த்து "சார்ஜ் ஆகல" என்று டைனமோவையே கழற்றிப் போட்டவர்கள் உண்டு. இறங்குவதுதான் ஆரோக்கியம்.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 30 ஆம்பியருக்கு மேலும் தரும், பழைய மீட்டரும் வயரும் சூடாகும். அந்த வண்டிக்கு வோல்ட் மீட்டர் நல்லது. இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி நின்றால் சரி. பழைய மீட்டரின் இரண்டு வயரையும் சேர்க்க வேண்டியது அங்கே மட்டும்தான். அதையும் லக் போட்டு, போல்ட்டில் இறுக்கி, மேலே உறை மாட்டிச் செய்ய வேண்டும்.

சின்ன மீட்டருக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் ராத்திரி ரோட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். இங்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரவை ஓடிய காலத்தில் கரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் விடிய விடிய வரிசை கட்டி வரும். இப்போது கரும்பு குறைந்தாலும் வைக்கோலும் செங்கலும் மண்ணும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சூரியன் மறைந்து அரை மணி நேரத்திலிருந்து, உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வரை வண்டியில் விளக்கு எரிய வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. சார்ஜ் ஏறாத வண்டிக்காரர் என்ன செய்வார்? காலையில் செல்ஃப் எடுக்காமல் போய்விடுமோ என்று லைட்டை அணைத்துவிட்டு ஓட்டுவார். பின்னால் பைக்கில் வருகிறவனுக்கு டிரெய்லர் இருப்பதே தெரியாது. எத்தனை வீட்டில் இப்படி இழவு விழுந்திருக்கிறது என்று இந்த ஊருக்குத் தெரியும்.

பாகம் விற்கிறவர்களே, டப்பாவுக்குள் தமிழில் ஒரு படம் அச்சடித்துப் போடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை அதிகாரிகளே, நீங்கள் நடத்தும் இயந்திரப் பராமரிப்பு முகாம்களில் பழைய வண்டி வயரிங்குக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பட்டறைப் பையன்களை அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். பழைய டிராக்டர் வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளே, அடுத்த முறை எலக்ட்ரீஷியன் கருப்பு டேப்பைக் கையில் எடுத்தால் தலையாட்டாதீர்கள். "மீட்டரை மாட்டிக் கொடுத்துட்டுக் கூலியை வாங்கிக்கப்பா" என்று சொல்லுங்கள்.