நடப்பார்க்கென ஒரு வீதி

கடைத்தெரு என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவன வண்டிகளின் நெருக்கமும், அவற்றின் இரைச்சலும், ஓரத்தில் ஒதுங்கி நடப்போரின் அச்சமுமேயாம். இம்மூன்றும் இல்லாத கடைத்தெரு ஒன்றைக் கண்டு வந்தேனாதலின், அதனைக் குறித்து என் கருத்தை மாணாக்க நண்பர்க்கு உரைக்கத் துணிந்தேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில், கொலராடோ மாகாணத்தில், ராக்கி மலையடிவாரத்தே உள்ளது போல்டர் நகர். 1876-ஆம் ஆண்டில் தோன்றிய கொலராடோ சர்வகலாசாலையால் பெயர் பெற்றது. அந்நகரின் நடுவே பேர்ள் வீதியில், நான்கு குறுக்குத் தெருக்களின் தூரத்திற்கு, மோட்டார் வண்டிகள் புகுதல் இல்லை. செங்கல் பாவிய தரை; மரநிழலில் ஆசனங்கள்; புத்தகக் கடைகள், சிற்றுண்டிச் சாலைகள்; வாத்தியக்காரரையும் வித்தை காட்டுவோரையும் சூழ்ந்த சிறு கூட்டங்கள்; மேற்கே நோக்கின் மலைகள். ஒரு மாலைப் பொழுது முழுதும் யாதொன்றும் வாங்காமல் அங்கே அமர்ந்திருந்தேன். எழுந்து போ என்றார் எவருமிலர்.

1963-ல் நகரின் மற்றொரு பாகத்தில் பெரிய அங்காடி ஒன்று எழவே, பழைய வீதியின் வியாபாரம் நலிந்தது. அதனை மீட்கக் கருதிய நகரத்தார், 1977-ல் வீதியை நடப்பார்க்கே உரியதாக்கினர். வண்டி வாராவிடில் வாடிக்கைக்காரரும் வாரார் என்று அஞ்சும் வியாபாரிகளுக்கு இதுவே தக்க விடை.

எனினும் வண்டியை விலக்கியதொன்றே வெற்றிக்குக் காரணம் என்பது பிழை. 1959-ல் இவ்வாறே செய்து வழிகாட்டிய கலமசூ நகர் 1998-ல் வண்டிகளுக்கு மீண்டும் வழிவிட்டது. 1964-ல் பின்பற்றிய பிரெஸ்னோ நகரும் 2017-ல் அவ்வாறே செய்தது. போல்டரிலோ சர்வகலாசாலையும் குடியிருப்புகளும் வீதிக்கு நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளன. நடப்பார் அருகில் வாழ்ந்தாலன்றி, நடைவீதி நிலைபெறாது என்பது என் துணிபு.

குறையும் ஒன்றுண்டு. அந்நகரில் வீட்டு வாடகை மிகப் பெரிது. அங்கு ஊழியஞ் செய்வோரிற் பலர் வேற்றூரில் குடியிருந்து நாடோறும் வந்து போகின்றனர். நடப்பார்க்கு வீதியை அளித்த நகர், உழைப்பார்க்குக் கூரையை அளிக்கவில்லையாயின், அதன் நற்பணி பாதியே நிறைவேறியதாகும்.

ஆகவே, ஒரு கடைத்தெருவின் சிறப்பை அதன் சரக்கால் அளத்தல் தகாது. ஒன்றும் வாங்காதவன் அங்கே இளைப்பாறலாமா, விற்பவன் அவ்வூரிலேயே வாழலாமா என்னும் இரு வினாக்களே அளவுகோல்கள். நாடோறும் கலாசாலை வாயிலில், வீதியைக் கடக்க அஞ்சி நிற்கும் நண்பர்கள், தம் ஊர்க் கடைத்தெருவையும் இவ்விரண்டால் அளந்து பார்ப்பாராக.