எதைவிட, யாருக்கு, எந்த அளவுகோலில்?

முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிந்தால் (பேச்சுவழக்கில் ‘ஜவ்வு கிழிந்தால்’) எந்த அறுவை முறை சிறந்தது? தமிழ் இலக்கணம் ஒப்புப் பொருளை ஐந்தாம் வேற்றுமைக்கு உரியதாக வகுத்தது. எதனின் சிறந்தது, எப்பண்பில் சிறந்தது என்று சொல்லாதவரை ‘சிறந்தது’ என்பது முடிவுறாத வாக்கியம். நம் மருத்துவ உரையாடல்கள் அந்த அரைவாக்கியத்தையே தீர்ப்பாக வழங்குகின்றன.

முழங்காற்சில்லின் கீழுள்ள தசைநாணை இருமுனை எலும்புத் துண்டுகளோடு எடுத்துப் பொருத்துவது ஒரு முறை. எலும்போடு எலும்பு சேர்வதால் பிடிமானம் விரைந்து கிட்டும். ஆனால் மண்டியிடும்போது முழங்காலின் முன்புறம் வலிக்கும் வாய்ப்பு மிகுதி. தொடையின் பின்புறத் தசைநாணாகிய ஹாம்ஸ்ட்ரிங்கைப் பயன்படுத்துவது மற்றொன்று. அவ்வலி குறையும், ஆயின் காலை ஆழ மடக்கும் வலிமை குன்றக்கூடும். ஆகவே இது தரவரிசை அன்று, பண்டமாற்று. எதை இழக்க நோயாளி இசைகிறார் என்பதே வினா.

அந்த இழப்பை எதைக்கொண்டு அளக்கிறோம்? பரவலாக வழங்கும் ஐ.கே.டி.சி. வினாப்பட்டியல் படியேறல், குந்துதல், ஓடுதல், குதித்தல் பற்றிக் கேட்கிறது. மண்டியிடலும் அதில் உண்டு. எனினும் அது மொத்த மதிப்பெண்ணில் கரைந்துபோகிறது. சம்மணமிட்டு அமர்வதற்குத் தனி வினாவே இல்லை. தரையில் அமர்ந்து உண்பவரும், தொழுகையில் மண்டியிடுபவரும் இந்த அளவுகோலில் பாதியே தெரிகின்றனர்.

அயல்நாட்டு ஆய்வுகள் வீண் என்பதன்று என் வாதம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் நிகழ்ந்து 2020இல் வெளியான ஸ்டெபிலிட்டி ஆய்வில், ஹாம்ஸ்ட்ரிங் ஒட்டோடு முழங்காலின் வெளிப்புறத்தையும் வலுவூட்டியபோது, ஈராண்டில் ஒட்டு கிழிந்தோர் விகிதம் 11இலிருந்து 4 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் பங்கேற்ற 618 பேரும் 25 வயதுக்கு உட்பட்ட, மறுகிழிசல் அபாயம் மிக்கவர்கள். அந்த எண்ணை நாற்பத்தைந்து வயது ஆசிரியரிடம் அப்படியே ஒப்பிப்பது அறிவியல் ஆகாது. 2010இல் வெளியான சுவீடனின் கானான் ஆய்விலோ, உடற்பயிற்சியை முதலில் தொடங்கிய இளையோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஈராண்டுவரை ஏ.சி.எல். மறுசீரமைப்பே தேவைப்படவில்லை. அறுவை முறைகளை மட்டும் ஒப்பிடும் பட்டியலில் இந்த வழிக்கு இடமே இல்லை.

ரிஷப் பந்த் மும்பையில் அறுவை செய்துகொண்டு, பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாதெமியில் பல மாதம் பயின்று, 2024 மார்ச்சில் களம் திரும்பினார். செய்திகள் அறுவையின் வெற்றியைப் போற்றுகின்றன. நாள்தோறும் உடனிருந்த பயிற்சியாளர்களை மறக்கின்றன. அந்த வசதியற்ற கபடி வீரருக்கு அதே அறுவை அதே விளைவைத் தருமா?

எலும்பியல் மாணவர்களும் மொழியியல் மாணவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, தமிழிலும் கன்னடத்திலும் நம் உடலசைவுகளைக் கேட்கும் வினாப்பட்டியலை உருவாக்கிச் சோதிக்க வேண்டும். அதுவரை ஒப்புதல் படிவத்தில் ‘சிறந்த முறை’ என்று எழுதுவோரிடம் கேட்போம்: யாருக்கு?