"வீட்ல மாப்பிள்ளை பார்க்குறாங்களா?" - இன்டர்வியூவில் இந்தக் கேள்விக்கு என்னதான் பதில்?

இன்டர்வியூ நல்லாத்தான் போயிட்டிருக்கும். புராஜெக்ட், சம்பளம், நோட்டீஸ் பீரியட்னு எல்லாத்துக்கும் டக் டக்னு பதில் சொல்லியிருப்பீங்க. கடைசியில ஹெச்.ஆர் சிரிச்சுக்கிட்டே கேட்பார்: "வீட்ல மாப்பிள்ளை பார்க்குறாங்களாம்மா?"

அதே நாற்காலியில் உட்காரும் ஆணுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால், 'பொறுப்பான பையன்' என்று பிளஸ் மார்க். பெண்ணுக்கு மட்டும் ஏன் மைனஸ்?

முக்கியக் காரணம், பணம். 2017-ல் மகப்பேறு சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தலா 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ பிடித்தம் இருந்தால், அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ கொடுத்துவிடும். அதற்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு முழுச் செலவும் கம்பெனி தலையில்தான். நல்ல சட்டம்தான்... ஆனா, அந்தச் செலவுக் கணக்குதான் 'மாப்பிள்ளை' கேள்வியா மாறி நம்மகிட்ட வருது.

2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, மத்திய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில், கல்யாணம் செய்துகொண்டதற்காக 1988-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ராணுவ செவிலியர் அதிகாரிக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். நியாயம் கிடைக்க 36 வருஷம்!

ஆளெடுப்பதில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1976-லேயே சம ஊதியச் சட்டம் சொல்லிவிட்டது. ஆனால், "வேற கேண்டிடேட் செட் ஆகிட்டாங்க" என்று மெயில் வந்தால் எதை வைத்து நிரூபிப்பது?

அப்போ என்ன சொல்லலாம்? அவங்க உண்மையில கேட்க நினைப்பது, 'எவ்வளவு நாள் இருப்பீங்க?' அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

"நைட் ஷிஃப்ட், டிராவல் இருக்கிறதால கேக்குறீங்களா சார்? அது எனக்குப் பிரச்னை இல்லை" என்று வேலைப் பக்கம் திருப்பலாம் (உண்மையிலேயே பிரச்னை இல்லைன்னா மட்டும்!). "இந்த வேலையில வளரணும்னுதான் வந்திருக்கேன். முதல் ஆறு மாசத்துல என்கிட்ட என்ன எதிர்பார்க்குறீங்க?" என்று திருப்பிக் கேட்கலாம். "ரெண்டு வருஷத்துக்குக் கல்யாணம் பண்ண மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீங்க. அது நம்ம வாழ்க்கை, அக்ரிமென்ட் இல்லை.

வீட்டுச் சூழல் நெருக்குது, வேலை கட்டாயம் வேணும்னு உண்மையைச் சொல்லிட்டு வந்தாலும் தப்பில்லை. கூச்சப்பட வேண்டியது பதில் சொன்னவங்க இல்லை, கேட்டவங்கதான்.

வெளியே வந்ததும் ஒரே ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. இன்டர்வியூவிலேயே இப்படிக் கேட்கிற இடம், நாளைக்கு நீங்க லீவு கேட்டா என்ன சொல்லும்?