சொல்லும் பொருளும்: தருதலும் கொடுத்தலும்

ஜப்பானிய மொழி பயிலத் தொடங்குவோர் முதலில் தடுமாறும் இடங்களுள் 'கொடுத்தல்' என்னும் எளிய வினையும் ஒன்று. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் முடிந்துவிடும் காரியத்திற்கு அங்கே இரு சொற்கள் உள. பொருள் என்னிடமிருந்து பிறரிடம் சென்றால் 'அகெரு'. பிறரிடமிருந்து என்னிடம் வந்தால் 'குரெரு'. முன்னதற்கு 'உயர்த்துதல்' என்பதே அடிப்படைப் பொருள். செடிக்கு நீர் விடுவதற்கும் நாய்க்குச் சோறிடுவதற்கும் 'யரு' என்று வேறொரு சொல் உண்டு. அது கடுமையாக ஒலிக்கிறதென்று இக்காலத்தில் பலர் நாய்க்கும் 'அகெரு' என்றே சொல்ல, இலக்கணப் பற்றுடையோர் முகம் சுளிக்கின்றனர்!

அண்டை வீட்டார் என் தம்பிக்குப் பழம் கொடுத்தாலும் 'குரெரு' என்றே சொல்லவேண்டும். தம்பி என்னைச் சேர்ந்தவன் அல்லவா? ஆகவே, வாய் திறக்குமுன்பே இவர் நம்மவரா, அயலாரா என்று உள்ளம் தீர்ப்புக் கூறியாக வேண்டும்.

நண்பர் எனக்குக் கற்பித்தார் என்று மொட்டையாகச் சொன்னால், அவ்வுதவியை மதியாத பேச்சாகப்படும். கற்பித்துக் 'குரெத்தா' என்பதே பண்பு. நாமும் 'சொல்லித் தந்தார்' என்கிறோமே, அதுபோல. ஆனால், மேலதிகாரியிடம் சென்று 'செய்து அகெரு' என்ற பாங்கில் பேசினால், அவருக்கே உபகாரம் செய்யப் புறப்பட்டதாகிவிடும்.

'குரெரு'வின் மரியாதை வடிவம் 'குதசாரு'. மேலிருந்து இறக்கி அருளுதல் என்னும் கருத்துடையது. அதன் ஏவலே 'குதசாய்'. மஞ்சள் கோட்டுக்கு உட்புறம் விலகி நிற்கும்படி வேண்டும் ஜப்பானிய ரயில் நிலைய ஒலிபெருக்கி, இச்சொல்லைக் கொண்டுதான் முடிக்கிறது. நம் நிலையங்களில் 'தியான் தீஜியே' என்று இந்தியில் கவனத்தைக் கொடுக்கச் சொல்கிறோம். அங்கே அருளச் சொல்கிறார்கள்.

தமிழருக்கு இது முற்றிலும் புதிதன்று. தருதல் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, கொடுத்தல் படர்க்கைக்கு உரியது எனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வரையறுத்தார். எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். ஒரு வேறுபாடு மட்டும் கருதத்தக்கது. ஜப்பானியர் கணக்கில், எதிரே நிற்கும் 'நீ'யும் அப்புறத்தவனே; உனக்குக் கொடுப்பதும் 'அகெரு'தான். தொல்காப்பியரோ உன்னையும் என்னையும் ஒரே பக்கத்தில் நிறுத்திவிட்டார்.

நம் பேச்சில் இவ்வேறுபாடு பெரிதும் மங்கிவிட்டது. மலையாளிகள் இன்றும் காத்து வருகின்றனர். அண்டை வீட்டு மலையாள அன்பர் பேசுவதைச் செவிமடுத்துப் பாருங்கள்: தமக்கு வேண்டியதைத் 'தரூ' என்பார், மூன்றாமவருக்காயின் 'கொடுக்கூ' என்பார்.