போக்கரில் திறன் என்பது யார்மீது?

போக்கர் திறன் சார்ந்ததா, அதிர்ஷ்டம் சார்ந்ததா என்னும் வழக்கில் இந்திய நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசியதில்லை. 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் அதைச் சூதாட்டம் என்றது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறன் ஆட்டங்கள் என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் திறனானாலும் அதிர்ஷ்டமானாலும் தடைக்குரியதே என்று அந்த வேறுபாட்டையே ஒதுக்கித் தள்ளியது. இந்த இரைச்சலில் ஒரு கேள்வி காணாமற்போயிற்று: திறன் என்றால் எந்தத் திறன்?

போக்கரின் வழக்கறிஞர்கள் இதற்குக் கணிதத்தைச் சான்றாக நிறுத்துகிறார்கள். 1928இல் வான் நியூமன் நிறுவிய தேற்றம், 1950இல் ஜான் நாஷ் வகுத்த சமநிலை, 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்களில் வென்ற கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல். இத்தகைய அறிவியலைச் சூது என்பது அறியாமை என்பது அவர்கள் வாதம். அறிவியல் உண்மை, அதிலிருந்து அவர்கள் பெறும் முடிவு பொய்.

சமநிலை உத்தி என்ன செய்கிறது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். கடைசிச் சுற்றில் நடுவில் 100 ரூபாய் இருக்கிறது. ஒருவர் மேலும் 100 ரூபாய் பந்தயம் வைக்கிறார். எதிராளி 100 கொடுத்து 200 வெல்லப் பார்க்கிறார். அந்தப் பந்தயம் மூன்றில் இரண்டு முறை வலுவான சீட்டோடும் ஒரு முறை வெறும் பாசாங்காகவும் வருமாயின், எதிராளி ஈடுகொடுத்தாலும் சீட்டைக் கைவிட்டாலும் சராசரி ஒன்றே. அவர் கோழையாயினும் பிடிவாதக்காரராயினும் பந்தயம் வைத்தவரின் வரவு மாறாது. அதாவது, இது எதிராளி யாரென்று அறியாதபோதும் காக்கும் கேடயம்.

இப்போது எதிராளி யாரென்று தெரிகிறது எனக் கொள்க. பத்துக்கு ஏழு முறை அஞ்சிச் சீட்டைக் கைவிடுபவர் அவர். உடனே ஒவ்வொரு பாசாங்கும் சராசரியாக 40 ரூபாய் ஈட்டித் தருகிறது. ஒருபோதும் கைவிடாதவர் எனில், பாசாங்கை அடியோடு நிறுத்தி, வலுவான சீட்டுக்கு மட்டும் பந்தயம் வைத்தால் போதும். எதிராளியைக் குறிவைக்கும் உத்தி இதுவே. இதுவும் கணிதமே. ஆனால் இதன் மூலப்பொருள் சீட்டு அன்று. ஒரு குறிப்பிட்ட மனிதரின் அச்சமும் ஆசையும்.

லிப்ராட்டஸ் எவரையும் குறிவைக்கவில்லையே, தன் ஆட்டத்தின் ஓட்டைகளை இரவுதோறும் அடைத்துக்கொண்டே வென்றதே என்று மறுக்கலாம். சரிதான். ஆயினும் அதன் வெற்றியும் எதிரே இருந்தவர்களின் பிழைகளிலிருந்தே வந்தது. ஒருவர் பெறுவதை இன்னொருவர் இழக்கும் ஆட்டத்தில் பணம் வேறெங்கிருந்தும் வராது. பணமேசையிலோ நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கிறது. குறையற்ற இருவர் ஓயாமல் மோதினால் நாளடைவில் இருவர் கையும் காலியாகி, நிறுவனம் ஒன்றே மிஞ்சும். தோற்காமை உறுதி என்னும் தேற்றமும் இருவர் ஆட்டத்துக்கு உரியது. ஆறு பேர் அமரும் மேசைக்கு அவ்வுறுதி இல்லை. ஆகவே மேசை உயிர்வாழ்வது பிழை செய்பவர் வந்து அமர்வதால்தான். உலகெங்கும் ஆட்டக்காரர்களின் பேச்சுவழக்கில் அவருக்கு ‘மீன்’ என்று பெயர். வழக்குமன்றத்தில் ‘திறன்’ என்னும் சொல். மேசையில் ‘மீன்’ என்னும் சொல். தொழிலின் உண்மையைச் சொல்வது இரண்டாவது.

சதுரங்கத்திலும் வலியவர் எளியவரை வெல்கிறாரே என்பது அடுத்த மறுப்பு. அங்கே தோற்றவருக்குத் தாம் தோற்றதும் ஏன் தோற்றோம் என்பதும் பலகையிலேயே தெரியும். அங்குள்ள தரப்புள்ளிகள் எதிராளியின் வலிமையை முன்கூட்டியே அறிவிக்கும். போக்கரில் புதியவர் சில இரவுகள் வெல்வார். இழக்கும் இரவுகளில் சீட்டு சரியில்லை என்று நம்புவார். இணைய மேசையிலோ, அவர் எத்தனை விழுக்காடு கைவிடுகிறார் என்பதைத் திரையில் காட்டும் மென்பொருளை எதிரே இருப்பவர் வைத்திருக்கக்கூடும். வாதங்களில் அதிர்ஷ்டமும் திறனும் எதிரெதிர்ப் பொருள்களாக நிறுத்தப்படுகின்றன. மேசையில் அவை கூட்டாளிகள்: திறன் பறிக்கிறது, அதிர்ஷ்டம் அதை மறைக்கிறது. திறன் மிகுந்த ஆட்டம் ஆகவே தீங்கற்றது என்னும் வாதம் இவ்விடத்தில் தலைகீழாகிறது. திறனின் இடைவெளி கூடக் கூட, அறியாதவரின் இழப்பும் உறுதியாகிறது.

‘சமநிலை’ என்னும் சொல்லும் இந்தக் குழப்பத்துக்குத் துணைபோகிறது. தமிழ்க் காதுக்கு அது நடுநிலை, நேர்மை என ஒலிக்கிறது. ஆட்டக் கோட்பாட்டில் அதற்கு அப்பொருள் இல்லை. தன் உத்தியை மாற்றுவதால் எவருக்கும் கூடுதல் பயன் இல்லாத நிலை என்பதே பொருள். அறம் அங்கே பேசப்படவே இல்லை.

திறனென்று சான்றளித்துக் கதவைத் திறந்துவிடுவதும், எதையும் பிரித்துப் பாராமல் மூடிவிடுவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொரு பந்தயமும் நிறுவனங்களின் பதிவில் இருக்கும். யார் எத்தனை மாதமாக இழந்துவருகிறார் என்பதை அவருக்கு முன்பே அறியக்கூடியவை அவையே. அந்தக் கணக்கை ரூபாயில் அவர் கண்முன் வைக்கவும், வல்லவரையும் புதியவரையும் ஒரே மேசையில் அமர்த்தாதிருக்கவும் கட்டாயப்படுத்தினால், திறன் என்னும் வாதத்தின் நேர்மை அன்றே வெளிப்படும். உண்மையிலேயே திறன்களின் போட்டி எனில் ஆட்டம் தொடரும். மீன்கள் விலகியதும் மேசை காலியாகுமெனில், அங்கே நடந்தது போட்டியன்று, மீன்பிடிப்பு.